தடுப்புக்குப் பின்னால் உருளும் பகடை

மேசையைச் சுற்றி ஐந்து பேர். நால்வர் ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடுகின்றனர். ஐந்தாமவர் அவர்கள் உலவும் உலகத்தையே நடத்துகிறார். அவரைக் கேம் மாஸ்டர் என்பர். அவர் முன்னால் அட்டைத் தடுப்பு ஒன்று நிற்கிறது. அதன் பின்னால் இருபது முகப் பகடை உருள்கிறது. விழுந்த எண் அவருக்கு மட்டுமே தெரியும். அந்த எண்ணின்படி, மூன்று மாதமாக ஒருவர் வளர்த்தெடுத்த பாத்திரம் இக்கணம் சாகவேண்டும். நடத்துபவர் ஒரு நொடி தயங்கி, வேறோர் எண்ணைச் சொல்கிறார். பாத்திரம் பிழைக்கிறது, ஆட்டம் தொடர்கிறது.

இப்படி எண்ணை மாற்றிச் சொல்லலாமா என்ற வழக்கு, இவ்வகை விளையாட்டுகளுடனேயே வளர்ந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது 1974இல். அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979இல் வெளியான நடத்துநர் கையேட்டிலேயே பகடையை மீறும் உரிமையை நடத்துபவருக்கு வழங்கிவிட்டார். அங்கும் அவர் ஒரு வேறுபாடு காட்டினார்: தன் மடமையால் சாவைத் தேடிக்கொண்டவனைக் காப்பாற்ற வேண்டியதில்லை, செய்யவேண்டியதெல்லாம் செய்தும் கெட்ட உருட்டலால் மடிபவனுக்கு மயக்கமோ உறுப்பிழப்போ போதும். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. இருபது முகப் பகடையில் அடுத்தடுத்து இருமுறை 20 விழும் வாய்ப்பு நானூற்றில் ஒன்று. வாரந்தோறும் ஆடும் குழுவில் அது என்றேனும் நேர்ந்தே தீரும். முதன்முறை ஆடவந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது முதல் அரைமணியிலேயே நேர்ந்தால், எண்ணை மாற்றிச் சொல்பவரைப் பொய்யர் என்று வைய யாருக்கு மனம் வரும்?

ஆயினும் இரக்கம் என்ற ஒரு சொல்லோடு இது முடிவதில்லை. வாய்ப்பை எறியும் கை யாருடையது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்தக் கேள்விக்கு மட்டாஞ்சேரியில் ஒரு வரலாறு உண்டு.

கொச்சித் துறைமுகத்தில் கப்பலில் சரக்கேற்றவும் இறக்கவும் ஆள் எடுத்த முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். சாப்பா என்பது நாணயம் போன்ற உலோக வில்லை. அது கையில் இருந்தால் அன்று வேலை. இல்லையேல் வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும். விடியலில் கூடி நிற்கும் கூட்டத்தின்மீது மூப்பன் வில்லைகளை வீசுவான். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, புழுதியில் புரண்டு, அடித்துப் பிடுங்கி அவற்றை எடுப்பர். பார்ப்பவனுக்கு இது அதிர்ஷ்டத்தின் விளையாட்டாகத் தோன்றும்: முந்தியவன் பெற்றான், பிந்தியவன் இழந்தான். ஆனால் எந்தப் பக்கமாக வீசுவது, எவ்வளவு தூரம் வீசுவது என்பதெல்லாம் மூப்பனின் தோளில் இருந்தது. கிடைக்காதவன் தன் கால் பிந்தியதை நோவானா, மூப்பனின் கை திரும்பியதை நோவானா? அவனால் பிரித்தறியவே முடியாது. பிரித்தறிய முடியாமையே எறிபவனுக்குப் பாதுகாப்பு. இந்த முறைக்கு எதிரான போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது, தொழிலாளர் உயிரிழந்தனர். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த 'துறமுகம்' என்னும் மலையாளப் படம் இந்த வரலாற்றைத்தான் சொல்கிறது.

பொழுதுபோக்கையும் பசியையும் ஒரே தராசில் வைப்பது அடாது. மேசையில் சாவது காகிதத்தில் எழுதிய பாத்திரம். துறையில் செத்தவன் மனிதன். மூப்பனிடம் இரக்கம் இருந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. இருப்பினும் இரண்டிற்கும் பொதுவானது ஒன்று உண்டு. ஒருவரின் தீர்மானம், தற்செயலின் உடையை அணிந்துகொண்டு வெளியே வருகிறது. தீர்மானத்தை எதிர்த்து வாதாடலாம். தற்செயலோடு வாதாட முடியாது.

இதை நம்மவர் அறியாதவர் அல்லர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை எடுக்கும் முறையை ஏன் அத்தனை நுணுக்கமாக வகுக்கிறது என்று எண்ணிப்பார்க்கலாம். ஏறத்தாழ 921ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது அது. நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலை எடுக்கவேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். பின்பு அவன் வாசிக்க, அங்குள்ள நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிக்கவேண்டும். விரல் விரிப்பது வரை விதி எழுதியவர்களுக்கு, மடங்கிய விரலுக்குள் என்னென்ன ஒளியும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையின் பாத்திரம் சாகத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. 'இந்த ஆட்டத்தில் பகடை உங்களை வீழ்த்தலாம், கொல்லாது. தோற்றால் சிறைப்படுவீர்கள்' என்று முதல்நாளே சொல்லிவிட எந்தத் தடையும் இல்லை. பொறுக்கமுடியாத முடிவு ஒன்று நேரக்கூடும் எனில், அவ்விடத்தில் பகடையை எடுக்காமலே கதையை நகர்த்தலாம். வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) விளையாட்டில் நடத்துபவர் பகடையைத் தொடுவதே இல்லை; உருட்டுவோர் ஆடுவோரே. 'நடத்துபவர் சில வேளை எண்ணை மாற்றட்டும், எங்களுக்குச் சொல்லவும் வேண்டாம்' என்று எல்லோரும் முன்னரே ஒப்புக்கொண்ட மேசைகளும் உண்டு. அங்கே ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. பகடைக்கும் பெரிதாக வேலை இல்லை என்பது வேறு.

ஒப்புதல் கேட்காத மேசையில்தான் சிக்கல். அங்கே நடத்துபவர் ஒருமுறை காப்பாற்றினால், அடுத்த முறை காப்பாற்றாமல் விட்டதும் அவர் செயலாகிறது. அந்தப் பிள்ளை தப்பிய மறுவாரம் இன்னொருவரின் பாத்திரம் மடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பகடை உண்மையாகவே விழுந்தது. நடத்துபவர் அதை உள்ளபடியே சொன்னார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?