கூடத்தில் காய்ந்த பசை

தசரா விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டில் முதலில் அடுப்பேறுவது பசைதான். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் சன்னமாக ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். கை நின்றால் அடி பிடித்துவிடும். மாவின் வெளுப்பு மங்கி, கெட்டிப்பட்டு, கொப்புளம் வெடிக்கிற சமயம் பார்த்துப் பாட்டி ஒரு சிட்டிகை மயில் துத்தம் தூவுவாள். துத்தம் சேர்ந்த பசையைப் பூச்சி அரிக்காது. "யாரும் விரலை வாயில வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று ஓர் அதட்டல். பிறகு அந்த நசுங்கிய அலுமினியப் பாத்திரம் கூடத்து நடுவில் வந்து உட்காரும். அதைச் சுற்றிப் பெரியவர்களும் பிள்ளைகளுமாக நாங்கள் உட்காருவோம்.

அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தாத்தாவுக்கு வேலை கிடைத்ததால் மைசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். நவராத்திரி வந்துவிட்டால் அந்த வாசலும் அழிந்துபோகும். தெருப் பிள்ளைகள் கூட்டமாக வந்து "பொம்பெ கூர்சிதீரா?" (பொம்மை வைத்திருக்கிறீர்களா?) என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார்கள். பொம்மை வைத்திருக்கிற வீடென்றால் சுண்டலோ கோடுபளேயோ கையில் விழும். அவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்பதால்தான் எங்களுக்கு அத்தனை அவசரம், அத்தனை கவனம்.

படி கட்டுவது தாத்தாவின் பொறுப்பு. படிக்குப் பக்கத்தில் தரையில் போடும் பார்க் எங்களுடையது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் பார்க்கில் ஏதோ ஒரு மலை வைப்பார்கள். எங்களுக்கு மலை என்றால் சாமுண்டி மலைதான். செங்கல்லையும் காலி டப்பாக்களையும் குவித்து, பழுப்புத் தாளைப் பசையில் முக்கிக் கசக்கிப் போர்த்துவோம். காய்ந்ததும் அது பாறையாகவே நிற்கும். அசல் மலைக்கு ஆயிரம் படி. எங்கள் மலைக்குத் தீப்பெட்டி கிடைத்த அளவுக்குப் படி. பாதிக்கு மேலே ஏறினால் களிமண் நந்தி. உச்சியில் ஒரு கையில் வாளும் மறு கையில் நாகமுமாக மகிஷாசுரன். அவன் மீசைக்குத் தேங்காய் நார். அடிவாரத்தில் மணல் பரப்பி ராகியும் கடுகும் வெந்தயமும் தெளிப்போம். நாலைந்து நாளில் முளைத்துப் பச்சை கட்டும். ராகி நாற்றுக்கு நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைப் புதைத்தால் குக்கரஹள்ளி ஏரி ரெடி.

தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரியும் உண்டு. அரண்மனையிலிருந்து கிளம்பும் அசல் அம்பாரி 750 கிலோ எடையுள்ளது. அதைச் சுமக்கும் யானையின் பெயர் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். எங்கள் அம்பாரி சித்தப்பாவின் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளில் உருவாகும். மிட்டாய் சுற்றி வரும் மஞ்சள் கண்ணாடித் தாளை அதன் மேல் ஒட்டினால் பொன்னாகிவிடும். அந்தத் தாள்களை வருஷம் முழுவதும் நகத்தால் நீவி, பாடப் புத்தகத்துக்குள் வைத்துச் சேர்த்திருப்போம். குப்பை என்று எதையும் எளிதில் தள்ளாத கண் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

மேல்படியில் நிற்கும் ராஜா ராணி ஜோடி மட்டும் அத்தையின் பொறுப்பு. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி அது. மைசூர்ப் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணமானால் தாய்வீட்டார் இந்த ஜோடியைச் சீராகக் கொடுப்பார்கள். புகுந்த வீட்டில் அவள் வைக்கும் கொலு அதிலிருந்து தொடங்கும். வருஷா வருஷம் பழைய உடுப்பைக் கழற்றிப் புதிது உடுத்த வேண்டும். கிழிந்த பட்டுப் புடவைகளின் கரை இதற்காகவே டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அத்தை அந்த ஒரு ஜாண் துணியை மடியில் போட்டு, விரலை நனைத்து, ஊசிமுனை அகலத்துக்கு ஒவ்வொரு கொசுவமாக மடிப்பாள். மடித்த கொசுவத்தைக் கனத்த புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி வைத்துவிடுவாள். மறுநாள் எடுத்தால் கலையாது. மரத்தில் பசை படக் கூடாது, ஆணியோ பின்னோ குத்தக் கூடாது என்பது அவளுடைய சட்டம். எல்லாமே நூல் கட்டுதான், முடிச்சு முதுகுப் பக்கம். கடுகளவு மணி கோத்த அட்டிகையை ராணியின் கழுத்தில் கட்டும்போது அத்தை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டிருக்கும் நாங்களும் பிடித்துக்கொள்வோம்.

பெங்களூரிலிருந்து ரயிலில் வரும் மாமா சன்னபட்டணத்துச் சொப்புகள் கொண்டுவருவார். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். அதைத் தாழை மடலால் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு. பல வருஷத்துச் சொப்பையும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், படியில் புதிதாக நிற்கும்.

கொலுவுக்குப் பின்சுவரில் ஒரு லட்சுமி படம் மாட்டியிருந்தது. ரவிவர்மா அச்சகத்துப் படம். ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த சாமி படங்கள் இந்த நாட்டின் பூஜையறைகள் பலவற்றை நிறைத்தன. அவர் கையால் தீட்டிய மூலச் சித்திரங்களை எங்கள் ஊர் ஜகன்மோகன் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் பார்க்கலாம். ஆனால் எங்கள் வீட்டு லட்சுமி அச்சில் வந்தபடியே இருக்கவில்லை. யாரோ ஒரு மூத்தவள், படத்தின் மேல் லட்சுமியின் புடவைக்கு நிஜப் பட்டைக் கத்தரித்து ஒட்டி, கரைக்கு ஜரிகை பின்னி, நகைக்கு நகை சமிக்கி பதித்திருந்தாள். முகமும் கைகளும் மட்டும் அச்சு, மற்றதெல்லாம் துணி. அந்தக் காலத்தில் பல வீடுகளில் பெண்கள் செய்த வேலை இது. கடையில் வாங்கிய படத்தைத் தன் வீட்டுப் படமாக ஆக்கிக்கொள்ள அவர்களுக்கு ஊசியும் நூலும் போதுமாயிருந்தன.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஆட்டம். சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டால் சௌகா பாரா: ஐந்துக்கு ஐந்து கட்டம், நான்கு சோழி. நான்கும் மல்லாந்தால் நாலு, நான்கும் கவிழ்ந்தால் எட்டு. சோழி தொலைந்துவிட்டால் புளியங்கொட்டையைக் கல்தரையில் ஒரு பக்கம் வெளுக்கும்வரை தேய்ப்போம். சூடேறிய கொட்டையைப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்து அலறவிடுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. ஆடு புலி ஆட்டமும் பல்லாங்குழியும் தாத்தா பாட்டியோடு. மைசூரில் இந்த ஆட்டங்களுக்கு ஒரு ராஜகளை உண்டு. மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆங்கிலேயர் 1831-இல் ஆட்சியைப் பறித்துக்கொண்ட பிறகு, அவர் 1868-இல் காலமாகும்வரை கலைகளிலும் கட்டங்களிலும் மனத்தைச் செலுத்தினார். சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை மட்டும் தொட்டு வரும் வழிகளை வகுத்தார். வட்டவட்டமான கஞ்சீஃபா சீட்டுகளில் தாமாகவே புதிய ஆட்டங்களை அமைத்து, ஸ்ரீதத்துவநிதி என்ற தம் பெருநூலின் கௌதுகநிதிப் பகுதியில் பதிந்துவைத்தார். அரண்மனையில் யோசித்துச் செய்த அந்த ஆட்டமும், எங்கள் கூடத்தில் புளியங்கொட்டையால் ஆடிய ஆட்டமும் ஒரே வம்சம் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

இவ்வளவுக்கும் பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்கும் மைசூருக்கும் பழைய உறவு. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி 1935-இல் தம் வீட்டிலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கினார். ஆகாசவாணி என்று அந்த நிலையத்துக்கு வைத்த பெயர்தான் பிற்பாடு தேசத்துக்கே உரியதாயிற்று. எங்கள் ரேடியோவில் காலையில் மைசூர் நிலையம், மாலையில் முள்ளைத் திருகித் திருகிப் பிடிக்கும் இலங்கை வானொலி. ரேடியோ காதை மட்டுமே கேட்டது. கண்ணையும் கையையும் எங்களிடமே விட்டுவைத்தது. பாட்டு ஓட ஓட மணி கோக்கலாம், தாள் கத்தரிக்கலாம், பாட்டியிடம் கதையும் கேட்கலாம். 1987-இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ராமாயணத் தொடர் வந்தபோது கூடத்தின் உட்காருமுறையே மாறியது. வட்டம் உடைந்து எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். கத்தரிக்கோல் கையில் இருக்கும், கை ஓடாது. கூட்டுக் கைவேலை எங்கள் வீட்டைவிட்டு இறங்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன்.

பின்தெருவில் கை ஓய்ந்தால் கஞ்சியில்லை என்றிருந்த வீடும் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் வாசல் திண்ணையில் தாழ்ந்த பலகையை முன்னால் வைத்து ஊதுபத்தி உருட்டுவார்கள். மூங்கில் குச்சியின் மேல் கரிமாவுக் கலவையை அப்பி, உள்ளங்கையால் ஒரே ஓட்டம்; பத்தி தயார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் பையை இறக்கிவைத்துவிட்டுப் பலகையின் முன் உட்காருவார்கள். விடுமுறையில் நாங்கள் விளையாட்டாகச் செய்த அதே கைவேலையை அவர்கள் விடுமுறையில்லாமல் செய்தார்கள். மைசூரின் மணமென்று ஊரெல்லாம் கொண்டாடும் அந்த மணம் அவர்களுடைய கறுத்த உள்ளங்கையிலிருந்து கிளம்பியது. அதை விட்டுவிட்டு இந்த ஊரின் கைவேலையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பத்தாம் நாள் ராத்திரி பொம்மைகளைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் கலைத்துவிடுவோம். மலை பிய்யும், ராகி நாற்று வாடும், அம்பாரி கசங்கும். தங்குவது ஒட்டு நோட்டு ஒன்றுதான். தாத்தாவின் பழைய கணக்குப் பேரேடு அது. எழுதிய பக்கங்களின் மேலேயே ஒட்டுவோம். சந்தன சோப்பின் உறை, ஊதுபத்தி லேபிள்கள், தசரா பொருட்காட்சி நுழைவுச் சீட்டு, மிருகக்காட்சி சாலைச் சீட்டு, பத்திரிகையில் வந்த ஊர்வலப் படம், அத்தை எழுதிய புள்ளிக் கோலங்கள், ராணிக்கு அந்த வருஷம் உடுத்திய பட்டின் ஓரத்தில் ஒரு துண்டு. சோப்பு உறையில் வாசனை முதலில் போயிற்று, பிறகு நிறம். துத்தத்தின் புண்ணியத்தில் பூச்சி மட்டும் அண்டவில்லை.

இன்று மைசூரில் பொம்மைக்குக் குறைவில்லை. அரண்மனையின் கொம்பெ தொட்டியில் பழைய பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டான் என்ற கலை அமைப்பு தசரா காலத்தில் 'பொம்பெ மனெ' என்று பெரிய கண்காட்சி வைக்கிறது. பழைய பலகை ஆட்டங்களைத் தேடிப்பிடித்துப் புதிதாகச் செய்தும் கொடுக்கிறார்கள். போய்ப் பார்க்கிற போதெல்லாம் மனம் நிறைகிறது. உடுத்திய மரப்பாச்சி கடையிலேயே கிடைக்கிறது, பார்க்குக்கு வேண்டிய மலையும் மரமும் கிடைக்கின்றன. வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு அது பெரிய உதவி. குறை சொல்ல ஒன்றுமில்லை. போனது பொம்மையல்ல. ஒரு வேலையைச் சுற்றி மூன்று தலைமுறை கை ஒன்றாக இயங்கிய அந்த மத்தியானங்கள் போயின. அந்த வேலைக்கு நடுவில் பேசிய பேச்சும் அதோடு போயிற்று. சும்மா உட்காரவைத்துக் கேட்டால் பாட்டி கதை சொல்லமாட்டாள். கை ஓடினால்தான் அவளுக்கு வாய் ஓடும்.

இன்னொன்றும் போயிற்று. அந்த லட்சுமிக்குப் பட்டுடுத்தியவள் யார் என்று இப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டியின் மாமியாரா, அவளுடைய நாத்தனாரா? கேட்டிருந்தால் பாட்டி சொல்லியிருப்பாள். வீட்டுக் கைவேலையில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஓவியனுடைய பெயர் படத்தின் அடியில் அச்சாகியிருக்கிறது. மாதக்கணக்கில் சமிக்கி தைத்தவளின் பெயர் எங்கேயும் இல்லை.

அதனால் இந்த நவராத்திரிக்கு எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் மணிப் பை, குரோஷா விரிப்பு, ஒயர் கூடை, உடுத்திய படம், கோல நோட்டு என்று எது மிஞ்சியிருந்தாலும் எடுங்கள். வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கோக்கவோ மடிக்கவோ அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேளுங்கள். சொல்லும் பெயரை, எந்த ஊரிலிருந்து வந்தவள், யாருக்கு என்ன உறவு என்பதோடு, அந்தப் பொருளின் பின்பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். பசை வீட்டிலேயே காய்ச்சியதாக இருந்தால், அன்றைக்கு உங்கள் பிள்ளைகளும் பக்கத்தில் உட்காருவார்கள்.