சொட்டு எங்கே விழுகிறது

எஞ்சினில் ஆயில் கசிகிறது என்று ஒரு வண்டி வந்தால், எவ்வளவு கசிகிறது என்பதை நான் பிறகுதான் பார்ப்பேன். எங்கே விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. எஞ்சின் அடியில் உள்ள ஆயில் சம்பிலிருந்து நேராகத் தரையில் சொட்டி, நிறுத்திய இடத்தில் கறுப்பு வட்டம் போடும் வண்டி பார்க்க அசிங்கமாக இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டியதுதான், ஆனாலும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டு சில நாள் சமாளிக்கலாம். தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் ஆயில் குறைந்துகொண்டே வரும் வண்டியும், நிறுத்தியபின் பானட் ஓரத்தில் கருகல் வாசனை அடிக்கும் வண்டியும்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. "கீழே சொட்டவே இல்லையே அண்ணா, எதுக்கு இப்பவே பிரிக்கணும்?" என்று கேட்பார்கள். கீழே வராத ஆயில் நடுவழியில் எங்கோ தங்குகிறது. எஞ்சினின் தலையை மூடும் டாப்பட் கவர் ஓரத்தில் கசிந்தால், அது தங்கும் இடம் பெரும்பாலும் எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்.

காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது என் பட்டறை. இங்கே வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இரண்டாம் கை, மூன்றாம் கை. பெங்களூரு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே வாழ்நாளைக் கழிக்கும் எஞ்சின்கள். ஓடும் தூரம் குறைவு, வேகும் நேரம் அதிகம். டாப்பட் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் அந்த வேக்காட்டில் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். கழற்றும்போது வளையாமல் பட்டென்று ஒடியும்.

எஞ்சின் ஆயில் 200 டிகிரியைத் தாண்டினால் தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். 350 டிகிரிக்கு மேல் போனால் தீப்பொறிகூட வேண்டாம், சூடே போதும். நாலு பேரும் ஏசியுமாகக் கிருஷ்ணகிரி தாண்டிச் சூளகிரி மேட்டில் ஏறும் வண்டியின் மேனிஃபோல்ட் 500 டிகிரியை எளிதாகத் தொடும். டர்போ உள்ள பெட்ரோல் வண்டியில் இன்னும் மேலே. பெட்ரோல் சூடான இரும்பில் பட்டால் சட்டென்று ஆவியாகிப் பரவும். அது வேறு வகை ஆபத்து. ஆயில் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு காயும். சூடு ஏறும்வரை காத்திருக்க அதற்கு நேரம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு நடந்ததை என் பட்டறைப் பையன்களுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறேன். பான்டியாக் கிராண்ட் ப்ரி, பியூக் ரீகல், ஷெவர்லே இம்பாலா போன்ற கார்களில் வந்த 3.8 லிட்டர் வி6 எஞ்சின் அது. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் டாப்பட் கவரிலிருந்து ஆயில் சொட்டி மேனிஃபோல்டில் விழும். அங்கே பற்றும் சின்னத் தீ, பக்கத்தில் பிளக் ஒயர்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குத் தாவும். 2008இல் 2 லட்சத்துக்கு மேல், 2009இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2009இல் மாற்றியது அந்த பிளாஸ்டிக் பட்டையை. தீ தாவும் வழியை அடைத்தார்கள், ஆயில் வரும் வழியைத் தொடவில்லை. பேக்கிங் அதன் பாட்டுக்கு வயதாகி இறுகியது. 2015 அக்டோபரில் அதே கார்களை மூன்றாவது முறையாக, சுமார் 14 லட்சம், அழைக்க வேண்டி வந்தது. ஏற்கெனவே சரிசெய்து அனுப்பியவற்றில் 1,345 கார்கள் அதற்குள் தீப்பிடித்திருந்தன. அத்தனை பெரிய கம்பெனி, எத்தனையோ இன்ஜினியர்கள். ஆனாலும் கசிவைக் கசிவாகப் பார்க்க மூன்று தடவை ஆனது.

அந்த அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. வேலை முடியும்வரை காரை வீட்டு ஷெட்டுக்குள் விடாதீர்கள், வெளியே நிறுத்துங்கள் என்றார்கள். தீப்பிடித்தவற்றில் பல, ஓட்டி முடித்து நிறுத்தியபின் சில நிமிடங்களில் பற்றியவை. ஓடும்போது முன்னால் காற்று வருகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது. சாவியைத் திருப்பியதும் எல்லாம் நின்றுவிட, மேனிஃபோல்டின் சூடு பானட்டுக்குள்ளேயே அடைந்து மேலே ஏறும். ஓட்டியவர் அதற்குள் வீட்டுக்குள் போயிருப்பார்.

எங்கள் காக்ஸ் டவுனில் இது நிஜமாகவே கவலைப்பட வேண்டிய விஷயம். வீலர் ரோடு பக்கமும் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கமும் காம்பவுண்டு வைத்த பழைய வீடுகள் இடிந்து நாலு மாடி அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. கீழே தூண்களுக்கு நடுவே கார்கள், அவற்றை ஒட்டி ஸ்கூட்டர்கள், மேலே குழந்தைகள் தூங்கும் அறை. வெளியே நிறுத்து என்று சொன்னால் நிறுத்தச் சந்தில் இடம் இல்லை. அதனால் கருகல் வாசனை என்று ஒருவர் சொன்னால், வேலை முடியும்வரை வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் பொறுமை தெரியும். ஆயில் மேலே கசிந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, எங்கோ கீழே தலைகாட்டும். நனைந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் நல்ல ஆயில் சீலை மாற்றிவிட்டுக் காசு வாங்குவோம். முதலில் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைக்க வேண்டும். சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, மேலிருந்து கீழாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம் எதுவோ அதுதான் ஊற்று. இப்போது வரும் கார்களில் எஞ்சினுக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. கசிவை அது மறைத்துவிடும். சத்தத்துக்காக வைத்த பஞ்சு ஆயிலைக் குடித்துக் கனத்துப் போயிருக்கும். தட்டைக் கழற்றாமல் பார்த்தேன் என்று சொல்வது பார்க்காததற்குச் சமம்.

பேக்கிங்கை மாற்றியும் கசிவு திரும்பி வந்தால் பிசிவி வால்வைப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் சேரும் அழுத்தம் வெளியேறும் வழி அது. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் போல, அந்த வழி அடைத்தால் அழுத்தம் பலவீனமான ஓரத்தைத் தேடி ஆயிலைத் தள்ளும். புதுப் பேக்கிங்கும் தாங்காது. இந்தச் சின்ன வால்வைப் பார்க்காமல் பேக்கிங்குக்கு மேல் பாண்ட் பசையை அப்பி மூடுவது எங்கள் தொழிலில் பரவலாக நடக்கிறது. உள்ளே பிதுங்கிய பாண்ட் துண்டுதுண்டாகப் பிய்ந்து சம்பில் இருக்கும் சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் எஞ்சினுக்கு ஆயிலே போகாமல் செய்யும் வேலை அது. கவர் போல்ட்டை வெறி பிடித்து முறுக்குவதும் அப்படித்தான். கவர் வளைந்தால் பிறகு எந்தப் பேக்கிங்கும் உட்காராது. ஜே.சி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட் பேக்கிங்கை மேனிஃபோல்ட் பக்கத்தில் போட எனக்கு மனம் வருவதில்லை. துடைத்த பனியன் வேஸ்ட்டை எண்ணி எடுத்த பிறகே பானட்டை மூட வேண்டும் என்பது என் பட்டறையின் கண்டிப்பான சட்டம்.

2010இல் டாட்டா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, கூடுதலாகப் பொருத்திய மின்சாதனங்களையும், எக்ஸாஸ்ட் மேல் கிடந்த அந்நியப் பொருளையும் காரணமாகச் சொன்னது கம்பெனி. அந்த ஆண்டு நவம்பரில் எக்ஸாஸ்டுக்கும் ஒயரிங்குக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் போட்டுத் தந்தார்கள். இது திரும்ப அழைத்தல் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மாருதி, ஏ-ஸ்டாரின் பெட்ரோல் பம்ப் கேஸ்கெட்டுக்காக 1 லட்சம் கார்களைத் தானாக அழைத்தது. கூச்சப்படாமல் அழைக்கும் கம்பெனியை நான் கூடுதலாக நம்புவேன். குறையே இல்லாத எஞ்சினை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை.

அப்போது வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. 2012இல் கார் தயாரிப்பாளர் சங்கம் தாமாக அழைக்கும் நடைமுறையை வகுத்துக்கொண்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவுதான் அரசுக்கு அழைக்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் வந்தன. மீறினால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் 7 வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். பேக்கிங் இறுகுவதும் ஆயில் கசிவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கம்பெனியின் கடிதமும் முதலில் வாங்கியவரின் பழைய விலாசத்துக்கே போகும். மூன்றாவது ஆளாக வாங்கியவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்த வயதைக் கூட்ட வேண்டும், ஆர்.சி. யார் பெயருக்கு மாறுகிறதோ அவருக்கே தகவல் போக வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

அதுவரை வேலை நம் கையில்தான். பழைய கார் வாங்கியவர்கள் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போய், இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வேலைக்குக் காசு கிடையாது. 7 வயதுக்குள் உள்ள வண்டியில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் மத்திய அரசின் வாகன் தளத்தில் புகார் பதியுங்கள். போதுமான புகார்கள் சேர்ந்தால் அரசு விசாரிக்கும், அந்தப் புகாரை உரிமையாளர்தான் கொடுக்க முடியும். பட்டறைக்காரர்களே, அதை அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். நிறுத்திய காரில் கருகல் வாசனை வந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.