எந்தச் சங்கத்தில் சேருவது?

சென்ற ஆண்டு தை மாதம், கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வில்லியனூருக்கு முன்னால் என் ஹெரால்டு வண்டியின் இடதுபக்க முன் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் இல்லை. சக்கரமே உள்பக்கமாகச் சாய்ந்து, பம்பர் ரோட்டைத் தொட்டுவிட்டது. நல்ல வேளை, வேகத்தடை ஏறி இறங்கும் நேரம், இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பக்கத்தில் என் மனைவி. மடியில் தாம்பூலப் பை. "என்னங்க, டயர் போயிடுச்சா?" என்றாள். சக்கரமே போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ, 1969-ஆம் ஆண்டு வண்டி. நான் அரசாங்க வேலையில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். நான் ஓய்வு பெற்று விட்டேன், அது இன்னும் பெறவில்லை. முதலில் இதை வைத்திருந்தவர் என் அக்காள் வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. பாண்டியில் அந்தக் காலத்தில் சொல்தா வீட்டில்தான் கார் இருக்கும், கிளார்க் வீட்டில் சைக்கிள் இருக்கும். அவர் போன பிறகு, 1991-இல் அக்காள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

இந்த வண்டி சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே அது 1959-இல் வந்தது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சிசி எஞ்சின். இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, பானெட் முழுவதும், முன் மட்கார்டோடு சேர்ந்து, முன்பக்கமாகத் திறந்து கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு வேலை பார்க்கலாம். இன்னொன்று, இருபத்தைந்து அடி இடம் இருந்தால் முழு வட்டம் திரும்பிவிடும். மிஷன் வீதிக்குள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சக்கரம் மடிந்த இடத்தில் ஆள் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அப்போது ஒரு பழைய லாம்பிரெட்டாவில் வந்த பையன், இருபத்து நாலு இருபத்தைந்து வயது இருக்கும், இறங்கிக் குனிந்து பார்த்தான். "ஐயா, ட்ரன்னியன் போயிருக்குங்க. இதுக்கு என்ன போட்டீங்க, கிரீஸா?" என்று கேட்டான்.

கிரீஸ்தான். முப்பது வருஷமாகக் கிரீஸ்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்குவார், நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன், ஏதோ வண்டிக்கு ஊட்டச்சத்து கொடுத்த திருப்தி.

"இதுக்கு கிரீஸ் ஆகாதுங்க. கியர் பாக்ஸுக்குப் போடுற தொண்ணூறு நம்பர் ஆயில்தான். கிரீஸ் போட்டா கெட்டியாயி, மரை உள்ளார ஆயில் போவாது. தண்ணி கோத்துக்கிட்டு துரு புடிச்சி ஒரு நாளு முறிஞ்சிடும். கிளப்புல இருந்திருந்தா யாராச்சும் சொல்லியிருப்பாங்க ஐயா."

பித்தளை மாதிரி ஒரு சின்ன உலோகக் கட்டை. அதற்குள் இரும்புத் தண்டு மரையில் திரும்புகிறது. முன் சக்கரத்தின் மொத்தப் பாரமும் அந்த மரையை நம்பித்தான் நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முப்பது வருஷம் என் மனைவியையும், ஒரு காலத்தில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படித்தான் சங்கத்தில் சேரும் எண்ணம் வந்தது.

ஆயுள் முழுவதும் கோப்பு பார்த்தவன். ஒரு முடிவு எடுப்பதென்றால் தாளில் கோடு போட்டு அட்டவணை இல்லாமல் எனக்கு ஓடாது. மூன்று சங்கங்கள் தேறின. முதலாவது, சென்னையில் ஒரு பெரிய சங்கம். இரண்டாவது, இங்கிலாந்தில் இருக்கும் டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப், 1977-இல் தொடங்கியது. மூன்றாவது, அந்த லாம்பிரெட்டா பையன் சொன்ன கும்பல். ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பளம் மைதானம் ஓரம் நாலைந்து ஃபியட், இரண்டு அம்பாசிடர், ஒரு ஜீப், சில ஸ்கூட்டர்கள் என்று கூடுவார்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, பதிவு எண் கிடையாது. என் அட்டவணையில் "சங்க விதிகள்" என்ற கட்டத்தில் அவர்களுக்கு ஒன்றும் எழுத முடியவில்லை.

சென்னைச் சங்கத்தின் விதிகள் பதினெட்டுப் பக்கம். முழுவதும் படித்தேன். விதிகளைப் படிப்பது எனக்குப் பிடிக்கும், பலருக்கு நாவல் படிப்பது போல. எங்கள் பிரெஞ்சு வாத்தியார், மிசியே என்றுதான் கூப்பிடுவோம், ஒரு சட்டத்தைப் படிக்கும்போது முதலில் விதிவிலக்குகளைப் படி என்பார். அந்தப் புத்தி போகவில்லை. சேர வேண்டுமென்றால் இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும். வண்டியைப் பரிசோதிப்பார்கள். உலக அளவில் பழைய வண்டிகளுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு, ஃபிவா என்பார்கள். 1966-இல் தொடங்கியது, பெயரே பிரெஞ்சுப் பெயர். அதன் இலக்கணப்படி, வண்டிக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், அசல் நிலையில் பாதுகாத்திருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவதாக இருக்கக் கூடாது. சென்னைக்காரர்களும் ஏறக்குறைய அதையே வைத்திருந்தார்கள்.

அந்தக் கடைசி வாசகத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

வண்டி சரியானதும், ட்ரன்னியன் கதையைப் பிறகு சொல்கிறேன், ஒரு கண்காட்சிக்கு வரச் சொன்னார்கள். போனேன். ஹோட்டல் புல்வெளி. கப்பல் கப்பலாக அமெரிக்க வண்டிகள், ஒரு ரோல்ஸ் ராய்ஸ். ஓட்டுநர்கள் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், முதலாளிகள் குடைக்குக் கீழே இருந்தார்கள். என் வண்டியை நான்தான் துடைத்தேன். மரியாதைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஒருவர் வந்து, "எங்க அப்பா இதே வண்டிதான் சார் வச்சிருந்தாரு" என்று பத்து நிமிஷம் கதவைத் தடவிக்கொண்டே நின்றார்.

பிறகு மதிப்பெண் தாளோடு ஒரு இளைஞர் வந்தார். விளக்கு, கண்ணாடி, சீட் துணி எல்லாவற்றையும் பார்த்தார். முன் இடதுபக்கக் கதவைத் திறந்தார். உள்ளே, டாஷ்போர்டு பக்கத் தூணில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்பு முத்தியால்பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஹெரால்டு தாழ்வான வண்டி, உட்காருவது சுலபம், எழுவதுதான் கஷ்டம். அந்தப் பிடியைப் பிடித்துத்தான் இறங்குவாள்.

"இது ஒரிஜினல் இல்லையே சார். இதை எடுத்துட்டு, அந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சி பெயின்ட் பண்ணிட்டா நல்ல மார்க் வரும்" என்றார் அந்த இளைஞர். அவர் சொன்னதில் தவறில்லை. எங்கேயும் எதையும் மாற்றாமல் ஐம்பத்தைந்து வருஷம் ஒரு வண்டி இருந்தால்தான், அது எப்படிச் செய்யப்பட்டது என்று நாளைக்கு ஒருவன் தெரிந்துகொள்ள முடியும். அதற்கும் ஆள் வேண்டும். ஆனால் பட்டறைக்காரர் அந்த ஓட்டை போட்டபோது நானும் மனைவியும் பக்கத்தில் இருந்தோம். அவளை உட்கார வைத்து, எழுப்பி, கை எட்டும் உயரத்தைச் சாக்பீஸால் குறித்தல்லவா போட்டார்!

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. 2021-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய, அசல் அமைப்பு மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவு செய்தால் நம்பரில் "விஏ" என்ற எழுத்துகள் வரும். கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு ஐயாயிரம். சென்னையில் நண்பர்கள் பலர் செய்திருக்கிறார்கள், என்னையும் செய்யச் சொன்னார்கள். மிசியே சொன்னபடி விதிவிலக்குப் பக்கத்தை முதலில் படித்தேன். கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். அன்றாட உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது.

முழங்கால் டாக்டரிடம் போவது இந்த நாலில் எதிலும் சேராது.

துலூசில் இருக்கும் என் அக்காள் மகன் ஒரு சித்ரோஎன் தெ ஷெவோ வைத்திருக்கிறான். அவனிடம் போனில் கேட்டேன். பிரான்சில் முப்பது வயது ஆன வண்டிக்குக் கலெக்ஷன் வண்டி என்று தனியாகப் பதிவுச் சீட்டு தருகிறார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை, மற்றபடி ரொட்டி வாங்கவும் அதில்தான் போகிறேன் மாமா என்றான். அது அங்கே. நான் இங்கே சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். 2022-இல் அதற்கும் அறுநூறு ரூபாய் ஐயாயிரமாக உயர்ந்தது என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்து சங்கத்தைப் பற்றி. பெயரில் சிக்ஸ் என்று இருந்தாலும் என் நாலு சிலிண்டர் வண்டியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர், ஜிடி6, விட்டெஸ் எல்லாம் ஒரே குடும்பம். விட்டெஸ் என்றால் பிரெஞ்சில் வேகம். இங்கிலீஷ்காரன் வேகத்துக்குப் பெயர் வைக்கப் பிரெஞ்சுக்காரனிடம் வந்திருக்கிறான் என்று பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அங்கே ஒருவர் வியந்து பதில் எழுதினார். நாலு கதவு ஹெரால்டு அவர்கள் நாட்டில் செய்யவே இல்லை, இந்தியாவில் மட்டும்தான். புது ட்ரன்னியன், அதன் தண்டு, புஷ் எல்லாம் எங்கே கிடைக்கும், எந்த எண்ணெய், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று எல்லாம் எழுதியிருந்தார். தபாலில் சாமான் வந்தது. சுங்க வரி கட்டியபோது மனைவிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் சாமான் வந்தால் போதுமா? மாட்ட ஆள் வேண்டும். பழைய மெக்கானிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, நான் அவர் மேல் குறை சொல்லவும் இல்லை. உப்பளம் கும்பல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்கே வந்தது. ஐந்து பேர். லாம்பிரெட்டா பையன் டயர் மேல் உட்கார்ந்து இங்கிலாந்து கடிதத்தை என்னைப் படிக்கச் சொன்னான். நான் வரி வரியாகத் தமிழில் சொல்ல, அவன் மாட்டினான். பகல் ஒரு மணிக்கு முடிந்தது. காசு வாங்கவில்லை. மனைவி போட்ட வடையை மட்டும் கணக்கில்லாமல் தின்றார்கள்.

அன்று மாலை என் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "சேரப் போறது நீங்களா, வண்டியா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சரியான கேள்வி. வண்டி சேருவதென்றால் சென்னைதான்: நிழல், துணி, மதிப்பெண், நீண்ட ஆயுள். எனக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்பது இரவில் வருகிற கவலைதான். மகன், "வித்துடுங்கப்பா, நல்ல விலை வரும்" என்கிறான். சென்னைச் சங்கத்தின் விண்ணப்பத்தில் வாரிசுதாரர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற எல்லாக் கட்டமும் நிரப்பினேன். அதை நிரப்பவில்லை. விண்ணப்பம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது, கிழிக்க மனம் வரவில்லை.

இங்கிலாந்து சங்கத்துக்குச் சந்தா கட்டினேன். உப்பளத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே சந்தா டீக்காசுதான், அதையும் முறை போட்டுக் கொடுக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியும் வந்தாள். கைப்பிடியைப் பிடித்து இறங்கி, ஜீப்காரர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தாள். பையன் ட்ரன்னியனுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, "ஐயா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். இதுவரை நானும் அத்தானும் தவிர யாரும் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. சாவியைக் கொடுத்தேன். மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்தவன், இரண்டாவது கியர் மாற்றும்போது கொஞ்சம் உரசுகிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் எண்ணெய் போட்ட தேதியை எழுதினேன்.