ஒரே இருக்கையில் இருவர்

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் பேருந்து. சன்னலோரம் ஒரு பெரியவர். கழுத்தில் சுற்றிய துண்டு விலகும்போதெல்லாம் தாடைக்குக் கீழே கட்டியிருக்கும் நெறி தெரிகிறது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. மடியில் ஸ்கேன் உறை. பக்கத்தில் ஓர் இளம் தாய். அவள் மடியில், மேலுதடு மூக்குவரை பிளந்த கைக்குழந்தை. சங்கில் பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுகிறாள். கொஞ்சம் மூக்கு வழியே திரும்பி வருகிறது.

பின்னிருக்கை அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

"கெரகணத்தன்னிக்கு வெளிய போனியா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

பெரியவர் மெல்ல எழுகிறார். "இப்பிடி வா சாமி, காத்து வரும்." சொற்கள் குழறுகின்றன. இடம் மாறி உட்காருகிறார்கள்.

ராசிபுரம் சாலையில் எதிரே முட்டை லாரிகள். அவற்றில் போவது கருவற்ற முட்டை. கருவுள்ள முட்டை 21 நாள் அடைகாத்தால் குஞ்சாகும். அதன் இரண்டாம் நாளிலேயே, தலைப்பக்கம் சில உயிரணுக்கள் அக்கம்பக்கத்தைப் பற்றியிருந்த பிடியை விட்டு நகரத் தொடங்குகின்றன. நரம்பு முகட்டு உயிரணுக்கள் என்று அவற்றுக்குப் பெயர். தாடையையும் முக எலும்புகளையும் உருவாக்குபவை அவைதான். 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் அவற்றை முதலில் கண்டதும் கோழிக்கருவில்தான்.

மனிதக் கருவில் இந்தப் பயணம் நான்காம் வாரம் தொடங்கும். ஏழாம் வாரத்துக்குள் மேலுதடு கூடிவிட வேண்டும். போய்ச் சேரும் உயிரணுக்கள் குறைந்தாலோ, முகத்தின் மேடுகள் உரிய நாளில் ஒட்டாவிட்டாலோ பிளவு நிற்கும். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றதே உறுதியாகாத நாட்கள் அவை.

1994இல் ஆஞ்செலா நியெட்டோ குழுவினர் கோழிக்கருவில் 'ஸ்லக்' மரபணுவைத் தடுத்தபோது இந்த உயிரணுக்கள் புறப்படவில்லை. அதே குடும்பத்து 'ஸ்னெயில்' மரபணு, உயிரணுக்களை ஒட்டிவைக்கும் இ-கேடரின் புரதத்தை அடக்கிப் புற்றைப் பரவவிடுவது 2000இல் தெரிந்தது. 2006இல் பால் குலேசா குழுவினர் மனித மெலனோமா புற்று உயிரணுக்களைக் கோழிக்கருவில் வைத்தனர். அவை அங்கே கட்டியாகவில்லை. முகம் செய்யப் போகும் உயிரணுக்களின் தடத்திலேயே நடந்தன.

குழந்தைக்கு முகம் தரும் கட்டளையும் பெரியவரின் வாயிலிருந்து கழுத்துக்குப் புற்றுநோயை இறக்கிய கட்டளையும் ஒரே குடும்பத்தவை. கருவில் அந்தக் கட்டளைக்கு உரிய நாளும் நிற்குமிடமும் உண்டு. புற்றில் இரண்டும் இல்லை.

குழந்தை தூங்கிவிட்டது. பெரியவர் அதன் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்.

பிளவுபட்ட உதட்டை அறுவை சிகிச்சையில் சேர்த்துவிடலாம். அந்தத் தாயிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். புகையிலை போடுகிறவர்கள் இன்றே விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணை, நோய் கழுத்துக்கு இறங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.