அடிமரம் இல்லாத ஆலமரம்

மேற்கு வங்க மாநிலத்தில், ஹூக்ளி ஆற்றின் கரையில் ஹவுரா நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் சிப்பூர் பகுதியில், 1787ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தாவரவியல் பூங்கா ஒன்று உள்ளது. இன்று அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கும் அப்பூங்காவில், 250 ஆண்டுகளைக் கடந்த ஓர் ஆலமரம் வாழ்ந்து வருகிறது. தொலைவிலிருந்து காண்போர் அதனை ஒரு சிறு காடு என்றே கருதுவர். அருகில் சென்று அதன் அடிமரத்தைத் தேடுவோர் வியப்படைவர். ஏனெனில், அம்மரத்திற்கு அடிமரமே இல்லை.

1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய பெரும்புயல்கள் அம்மரத்தின் பெருங்கிளைகளை முறித்தன. முறிந்த இடங்களின் வழியே பூஞ்சை நுழைந்தது. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. எனவே, அது மரத்தின் உடலையே உணவாக்கிக்கொண்டது. அடிமரம் சிறிது சிறிதாக உளுத்தது. அழுகல் பிற பகுதிகளுக்கும் பரவாதிருக்க, ஏறத்தாழ 16 மீட்டர் சுற்றளவு கொண்ட அவ்வடிமரம் 1925ஆம் ஆண்டில் முழுவதும் அகற்றப்பட்டது.

இதயத்தை இழந்த விலங்கு உயிர் வாழாது. அடிமரத்தை இழந்த ஆல் மட்டும் எவ்வாறு வாழ்கிறது?

விடை விழுதில் உள்ளது. விழுது என்பது கிளையில் தோன்றும் வேர். தொடக்கத்தில் அது கயிறுபோல் மெலிந்து தொங்கும். மண்ணைத் தொட்டதும் கிளைத்து ஊன்றி, நீரை உறிஞ்சத் தொடங்கும். அதனுள் இருக்கும் சைலம் என்னும் திசு, நீரையும் கனிம உப்புகளையும் மேலே கொண்டு செல்லும். இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய உணவைப் புளோயம் என்னும் திசு பிற பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள கேம்பியத்தின் செல்கள் மேலும் மேலும் பகுப்படைவதால், விழுது ஆண்டுதோறும் பருத்துத் தூணாகிறது. அடிமரம் அகற்றப்பட்டபோது நீர் செல்லும் வழிகளுள் ஒன்றே அடைபட்டது. விழுதுகளின் வழிகள் திறந்தே இருந்தன.

முதுமையில் பெற்றோரைத் தாங்கும் பிள்ளைகளை விழுது என்று கூறுவது தமிழர் வழக்கு. அறிவியல் அவ்வுவமைக்கு மேலும் பொருள் சேர்க்கிறது. விழுது தாங்குகிறது, ஊட்டவும் செய்கிறது.

சிப்பூர் ஆலமரம் இன்று மூவாயிரத்திற்கும் மேற்பட்ட விழுதுகளுடன் விளங்குகிறது. அதனைச் சுற்றி 330 மீட்டர் நீளத்தில் சாலை ஒன்று அமைக்கப்பட்டது. மரமோ அச்சாலையையும் கடந்து பரந்துவிட்டது.

நகரச் சாலையோரத்து ஆலமரங்களுக்கு இவ்வாய்ப்புக் கிட்டுவது அரிது. போக்குவரத்திற்கு இடையூறு என்று அவற்றின் விழுதுகள் தரையைத் தொடுமுன்பே வெட்டப்படுகின்றன. அடிமரத்தைச் சுற்றிலும் சிமெண்டு பூசப்படுகிறது. இலைகள் பசுமையாகவே இருப்பதால், நேர்ந்த தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், புயலோ பூஞ்சையோ அடிமரத்தைத் தாக்கும் நாளில் அம்மரங்களுக்கு மாற்றுவழி இராது.

மாணவர்கள் தாம் வாழும் ஊரில் உள்ள ஆலமரத்தின்கீழ் நின்று ஒருமுறை மேலே நோக்கலாம். விழுதுகளின் நுனி மண்ணை நோக்கி வளர்கிறதா, வெட்டுண்டு நிற்கிறதா என்று காணலாம். அம்மரத்தின் வருங்காலம் அந்நுனியில்தான் இருக்கிறது.