பாக்கி யாருக்கு?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளில் பலர் கான்ட்ராக்ட், ட்ரெய்னி. ஒரகடத்தில் நிரந்தர வேலை கிடைத்து, "திங்கட்கிழமையே சேர்ந்துவிடு" என்று போன் வந்தால், சந்தோஷத்துக்கு முன்னால் உறுத்தல் வந்துவிடுகிறது. "சூப்பர்வைசர் நல்ல மனுஷன் பெரியப்பா, எப்படிச் சொல்வேன்?" என்கிறார்கள்.

வேலை ஆர்டரில் எத்தனை நாள் நோட்டீஸ் போட்டிருக்கிறது என்று கேட்பேன். பாதிப் பேர் அந்தத் தாளைப் படித்தே இருக்கமாட்டார்கள். 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள், மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தரத் தொழிலாளி, முதலாளி இருவருக்கும் ஒரே அளவுதான் வைத்தன: ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான சம்பளம். தற்காலிகத் தொழிலாளியை அனுப்பவோ நோட்டீஸே தேவையில்லை என்றன. "நாளைக்கு வராதே" என்று சொல்லப்படக்கூடியவன், "நாளைக்கு வரமாட்டேன்" என்று சொல்ல ஏன் நடுங்க வேண்டும்?

கம்பெனிகள் நடந்துகொள்வதைப் பார். 2006-ல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா போன் ஆலை, வரித் தகராறில் சிக்கி, நோக்கியா மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்ற சொத்தில் சேராமல் தனியே நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றுபோனது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் இருபதுகளில் இருந்தவர்கள். அந்த வயதில் ஓய்வாம்! கம்பெனிகள் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. நீயும் பார்.

நோட்டீஸ் குறைந்தால் அந்த நாட்களின் சம்பளத்தைக் கடைசி செட்டில்மென்டில் பிடிப்பார்கள். அதோடு கம்பெனி பாக்கி தீர்ந்தது. பி.எஃப். பணத்தை அதற்காக யாரும் நிறுத்த முடியாது. விலகிய தேதியை அவர்கள் பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீயே இணையத்தில் பதியலாம்.

உண்மையான பாக்கி பக்கத்து மெஷின்காரனுக்கு. நீ சொல்லாமல் போனால் டபுள் ஷிப்ட் அவன் தலையில்தான் விழும். அதனால் முடிவெடுத்த அன்றே எழுதிக் கொடு. சூப்பர்வைசரிடம் நேரில் சொல். மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று அடுத்தவனுக்குக் காட்டிக்கொடு. போனை அணைத்துவிட்டு மறைவதும், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று கதை கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. பிற்பாடு பலரை உறுத்துவது அந்தப் பொய்தான். வேலையை விட்டது அல்ல.

அந்தச் சூப்பர்வைசரும் வேறு கம்பெனியிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்தார் என்று கேட்டுப் பாரேன்.