புத்தகத்தில் ஓர் இடைவெளி

சுந்தரபாண்டியபுரத்தில் படமாக்கப்பட்ட 'ரோஜா' வெளிவந்த 1992-ஆம் ஆண்டிலேயே பதிவான அம்பாசிடர் ஒன்று, அதே ஊரில் விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு நண்பர்கள் இருவரும் சென்றிருந்தோம். சூரியகாந்தி வயல்களைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்றது வண்டி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடல்வாகு. உத்தர்பாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன இனம்.

அழகில் மயங்கிவிடக் கூடாதென்று முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினோம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2007-இல் ஒரு முத்திரை, 2012-இல் இன்னொன்று. 2017-இல் இருந்திருக்க வேண்டியது இல்லை. துருவைத் தேய்த்துச் சேஸிஸ் எண்ணைப் படித்தோம், புத்தகத்தோடு பொருந்தியது. ஆயினும் ஐயம் தீரவில்லை. விபத்தா? ஆய்வில் தேறவில்லையா?

"ஏன் அண்ணாச்சி, அப்புறம் காட்டவே இல்லையா?" என்றோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. "புத்தகம் எம்பேருலதான். ஓட்டுனது எந்தம்பி. 2016-ல அவன் போயிட்டான். அதுக்கப்புறம் யாரும் அதுல ஏறல."

களவைத் துப்புத் துலக்குபவர்களைப்போல் கேட்டுவிட்டோமே என்று கூசிப்போனோம். ஆனால் இரக்கம் பிரேக்குக்குச் சான்றாகாது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக்கின் ரப்பர்கள் இறுகியிருக்கும். பெட்ரோல் டேங்கில் துரு படிந்திருக்கும். அவர் பெயரிலேயே ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பித்தபின் வாங்குவது, பழுதுபார்க்கும் செலவில் பாதி எங்களுடையது என்று பேசி முடித்தோம்.

தென்காசிக்குக் கட்டியிழுத்துச் சென்ற நாளில், ஸ்டீயரிங்கைப் பிடிக்க அண்ணாச்சியே ஏறி அமர்ந்தார்.